கடுகில்லாத தீனி

போன ஐப்பசியில் கொஞ்ச நாள் எங்கள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. பால்காரர் செம்பைத் தெருவில் வைக்கச் சொல்லி, தள்ளி நின்று ஊற்றிவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரி தன் பேரப்பிள்ளைகளை எங்கள் பக்கம் விடவில்லை. நான் நிலைப்படியில் வேப்பிலை சொருகியிருந்தேன். ரெட்டிபாளையத்தில் வேப்பிலையைப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

அம்மை போட்டிருந்தது மாடியில் இருந்த புறாக்களுக்கு. அதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. வேப்பந்தட்டைப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து, என் வீட்டுக்காரரைத் தேடி ஆம்பளைகள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். டீ போட்டு சன்னல் திட்டில் வைப்பேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். வருகிறவர்கள் எல்லாரும் புறாக்காரர்கள்தான். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய காலத்திலேயே புறா வளர்த்தார். ஓட்டுவதை விட்ட பிறகு அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. கர்ணம் அடிக்கிற புறா இல்லை. தூரத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் வீடு தேடி வருகிற பந்தயப் புறா.

அதில் ஒரு பொட்டை உண்டு. சாம்பலும் நீலமுமான நிறம், றெக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. போன பந்தயத்தில் நெல்லூரில் திறந்துவிட்டார்கள். அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் எங்கள் மாடியில் வந்து இறங்கியது. அரியலூர், பெரம்பலூர் இரண்டு பக்கத்துக் கூண்டுகளிலும் அன்றைக்கு வீடு சேர்ந்தது அது ஒன்றுதான் என்றார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. தை மாதம் அதை நெல்லூரையும் தாண்டி ஓங்கோலுக்கு அனுப்ப வேண்டும். இந்த வயதில் அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லாத மனிதர், ஓங்கோலிலிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று என்னிடம் பேசுவார்.

புரட்டாசிக் கடைசியில் அவருக்குக் குடல் இறக்கம் ஆபரேஷன் ஆனது. மாடிப்படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதுதான் புறாக்களுக்கு இறகு உதிர்கிற காலம். பழைய இறகு ஒவ்வொன்றாக விழுந்து புது இறகு முளைக்கும். அந்தப் புது இறகை வைத்துத்தான் தையில் பறக்க வேண்டும்.

கட்டிலில் படுத்தபடி அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“எறகு கொட்டுற புறாவ புள்ளத்தாச்சி மாதிரி பாக்கணும் புள்ள. பறக்க வுடாத. ஆணையும் பொட்டையையும் பிரிச்சே வை. பயங்காட்டாத. தின்னுட்டு சும்மா ஒக்காந்திருக்கணும்.”

“என்னா தீனி போடறதுங்க?”

“டிரம்முல கலந்து வச்சிருக்கேன். அதையே அள்ளிப் போடு. நீ ஒண்ணும் யோசிக்க வேணாம்.”

டிரம்மில் கம்பு, சோளம், பச்சைப்பயறு இருந்தன. அவற்றோடு கடுகு, எள்ளு, சூரியகாந்தி விதையும் கைநிறையக் கலந்திருந்தார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதுவரை நான் அந்தக் கூண்டுக்குள் போனதில்லை. உள்ளே போனால் தரை முழுக்க இறகாகக் கிடந்தது. கூட்டக் கூட்டப் பறந்து முந்தானையில் ஒட்டிக்கொண்டது. கழுத்து சொட்டையாக, வால் குட்டையாக, பாதி உரித்தது மாதிரி புறாக்கள் நின்றன. இதுகளையா பந்தயத்துக்கு விடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் பழகிவிட்டது. காலையில் படியேறும்போது என் கொலுசுச் சத்தத்துக்கே அதுகள் முணங்க ஆரம்பித்தன.

மழை பிடித்துக்கொண்டு, கொசு கூடிய நேரத்தில் ஒரு குஞ்சுக்கு அலகு ஓரத்தில் சின்னக் கொப்புளம் தெரிந்தது. பிறகு கண்ணைச் சுற்றி. பிறகு பக்கத்துப் புறாவுக்கு. நான் பெற்ற பிள்ளைகளுக்குப் பார்த்ததுதான். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள்.

அவரிடம் சொல்லவில்லை. தையல் பிரிக்காத வயிற்றோடு மாடி ஏறிவிடுவார் என்று பயம். அம்மை வந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசவும் கூடாது அல்லவா. அதனால் தெரிந்ததை எல்லாம் நானே செய்தேன். கூண்டிலும் நிலைப்படியிலும் வேப்பிலை சொருகினேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பங்கொத்தை நனைத்து, நோய் கண்டதை முதலில் தடவி, பிறகு மற்றதையும் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டேன். அடுப்படியில் தாளிப்பை நிறுத்தினேன்.

“என்னா ரசம் மொட்டையா இருக்கு?” என்று கேட்டார்.

“புண்ணு ஆறுற வரைக்கும் தாளிப்பு வேணாங்க” என்றேன்.

நமக்குத் தாளிக்காமல் புறாவுக்கு மட்டும் கடுகு போடலாமா? அம்மை கண்ட உடம்புக்கு எண்ணெய் வித்து ஆகாது. டிரம்மில் இருந்த தீனியைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். கடுகும் எள்ளும் கீழே விழுந்துவிட்டன. சூரியகாந்தி விதையை உட்கார்ந்து பொறுக்கி எடுத்தேன். கம்பை ஊறவைத்துப் போட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தில் இளநீர் ஊற்றினேன். அவ்வளவு பக்தியாக என் பிள்ளைகளுக்குக்கூடச் செய்தேனா என்று தெரியாது.

கொப்புளம் எல்லாப் புறாவுக்கும் வந்தது. பட்டைப் பொட்டைக்கு வாய்க்குள்ளேயே வந்தது. அது தீனியைக் கொத்தும், முழுங்க முடியாமல் கீழே போடும்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்து நர்சம்மா வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பெண். வேப்பிலைக்கு வெளியே நின்று கேட்டாள்.

“ஆயா, வூட்ல யாருக்கு அம்மை? தாத்தாவுக்கா?”

“தாத்தாவுக்கு இல்லம்மா.”

“அப்ப உங்களுக்கா? கையக் காட்டுங்க.”

“எனக்கும் இல்ல.”

“பின்ன யாருக்கு ஆயா? வேற யாரும் இல்லன்னாங்களே.”

எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். நான் மாடியைக் கை காட்டினேன்.

“மாடியில யாரு இருக்கா?”

“புறா” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

“என்னாது?”

“புறாவுக்கும்மா.”

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “ஏன்டியம்மா, எம்பேரப்புள்ளைவள வூட்டுக்குள்ள அடைச்சு வச்சு, அதுவ பண்ற அழிச்சாட்டியத்துல நான் பைத்தியமா அலையறேன். எல்லாம் ஒம்புறாவுக்கா? எப்ப தலைக்குத் தண்ணி ஊத்தப் போற, அதுக்கு?”

தெரு சிரித்தது. நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “நான் ஆபீஸ்ல போயி என்னான்னு ஆயா சொல்லுவேன்?” என்றாள். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“எந்தப் புறாவுக்குடி?”

உள்ளே போனேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“பட்டைப் பொட்டைக்குமா?”

“அதுக்கும்தாங்க. வாயில.”

“தின்னுதா?”

“கம்பு ரெண்டு மூணு.”

“கடுகு, எள்ளு?”

“அத எடுத்துட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. “எடுத்துட்டன்னா?”

“சலிச்சு எடுத்துட்டேன். அம்மை வூட்டுல கடுகு எப்புடிங்க போடறது?”

“எறகு எதுல மொளைக்குதுன்னு நெனச்ச? அந்த எண்ணெதான்டி எறகாவுது” என்றார். அதட்டவில்லை. லாரிக்காரர், கெட்ட வார்த்தையெல்லாம் தெரிந்தவர். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அவர் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து அவருடைய சிநேகிதர் வண்டியில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அவரும் புறாக்காரர். வீட்டுக்காரரால் ஏற முடியாது, நான்தான் மாடிக்கு அழைத்துப் போக வேண்டும். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போனேன். கூண்டைத் திறந்ததும் அவர் நின்றுவிட்டார். வெள்ளைப் புறாக்கள் எல்லாம் மஞ்சளாக நின்றன, கல்யாணத்துக்கு நலங்கு வைத்த மாதிரி.

“அண்ணி, எல்லாத்துக்கும் ஒரே கொத்தாலயா தடவுனீங்க?”

“ஆமாங்க.”

“சீக்கானதையும் நல்லதையும்?”

தலையை ஆட்டினேன்.

“எறகு வுழுந்த எடமெல்லாம் தொறந்த வாசல் மாதிரி அண்ணி. நீங்களே ஒவ்வொரு வூடா கொண்டுபோயி வுட்ருக்கீங்க” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு ஆகவில்லை.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். நோய் கண்டதைத் தனியே பிரித்து, தண்ணீர்க் கிண்ணமும் தனியாக வைக்க வேண்டும். பொருக்கைப் பிய்க்கவே கூடாது, அது தானே காய்ந்து விழும். அயோடின் மட்டும் பஞ்சில் தொட்டு வைக்கலாம். கொசு கடித்துத்தான் இது பரவுகிறது, கூண்டுக்கு வலை கட்ட வேண்டும். பட்டைப் பொட்டைக்குப் பச்சைப்பயறு ஊறவைத்து, வாயைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும்.

“கடுகு, எள்ளு, சூரியகாந்தி, பழையபடி கலந்துடுங்க.”

“ஆத்தாவுக்குக் கோவம் வராதாங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு வெட்கமாகிவிட்டது.

அவர் அதற்கும் சிரிக்கவில்லை. “வந்தா எம்மேல வரட்டும் அண்ணி. நீங்க கடுகப் போடுங்க.”

போட்டேன். பொட்டையை மடியில் வைத்து, கட்டைவிரலால் அலகைப் பிரித்து, பயறைத் தள்ளுவேன். அது கண்ணை மூடித் திறக்கும். தொண்டையில் இறங்கியதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இரண்டு குஞ்சுகள் தங்கவில்லை. மற்றதெல்லாம் பிழைத்தது. பொருக்கு காய்ந்து உதிர்ந்தது. பொட்டை தானே தின்ன ஆரம்பித்தது.

அவர் உடம்பு தேறத் தேற இதை எல்லாருக்கும் சொன்னார். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “எங்க வூட்ல கூழு ஊத்தி, கெடா வெட்டாததுதான் பாக்கி.” கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கறிவேப்பிலை வாங்கப் போனால் கடைக்காரர் கேட்டார். “கடுகு வேணுமா, இல்ல இன்னும் நோன்பா?” கொஞ்ச நாள் நான் கடைக்கே போகவில்லை.

மார்கழியில் அவர் மாடி ஏறினார். முதலில் பொட்டையைத்தான் பிடித்தார். உடம்பு பளபளவென்று இருந்தது, கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னியது. எனக்கு நெஞ்சு லேசானது. றெக்கையை வெயிலுக்கு நேரே விரித்தார். விரித்தபடியே நின்றார்.

“என்னாங்க?”

“இங்க பாரு.”

புது இறகு ஒவ்வொன்றின் குறுக்கேயும் மெல்லிய கோடு இருந்தது. நகத்தால் கீறியது மாதிரி. அந்த இடத்தில் மட்டும் இறகு மெலிந்து, வெளிச்சம் தெரிந்தது.

“பட்டினிக் கோடு. வயித்துக்கு இல்லாத நாள்ல மொளைச்சது. தூரமா பறந்தா இந்த எடத்துலதான் ஒடியும்.”

“இப்பதான் எல்லாம் போடறேனே.”

“மொளைச்ச எறகு மொளைச்சதுதான் புள்ள. அடுத்த வருசம் இது வுழுந்து வேற வந்தாத்தான்.”

தை பிறந்தது. ஓங்கோல் போகிற புறாக்களை எடுக்க அதே சிநேகிதர் கூடையோடு வந்தார். நான் டீயோடு மாடிக்குப் போனேன், சன்னல் திட்டில் வைத்துவிட்டு ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை. சிநேகிதர் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கூடைக்குள் விட்டார். கடைசியில் பொட்டையைப் பிடித்தார். றெக்கையை விரித்தார். பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“இந்த வருசம் அது வூட்லயே இருக்கட்டும்ப்பா” என்றார் இவர்.

சிநேகிதர் றெக்கையை மெதுவாக மடித்து, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தார். கூடையைக் கட்டிக்கொண்டு வண்டி போய்விட்டது. தெருமுனை திரும்பும்வரை இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார்.

நான் பொட்டையைத் தரையில் விட்டேன். அது உடம்பை உதறிக்கொண்டு, வெயிலில் ஒருச்சாய்ந்து படுத்து, ஒரு பக்கத்து றெக்கையை முழுசாக விரித்தது. கோடு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் நகர்ந்து நடுவில் நின்றுகொண்டேன். என் நிழல் அதன்மேல் விழுந்தது.

“தள்ளி நில்லு புள்ள” என்றார். “அதுக்கு வெயில் படணும்.”

தள்ளி நின்றேன்.