கடலில் குளித்த ஆஸ்டின்

ஐம்பதுகளில் செங்கல்பட்டு மேட்டுத் தெருவில் இருந்தது ஒரே கார்தான்: கோர்ட் குமாஸ்தா வேதாந்தத்தின் பழைய ஆஸ்டின். ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் தெருக்காரர்களுக்கு அதன் ஹாரன் இன்றும் காதில் கேட்கிறது.

அவருக்கு அந்தக் கார் வீட்டில் ஒரு ஆள். ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரத்தில் பெருமாள் தீர்த்தவாரி முடிந்ததும், மனிதர் நாலு பேரைப் பிடித்துக் காரை அலைக்குள் தள்ளிவிட்டார்.

"நமக்கெல்லாம் ஸ்நானம் ஆச்சு. இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

மனைவி பெருந்தேவி தலையில் அடித்துக்கொண்டாள். காருக்குப் புண்ணியம் சேர்ந்ததோ என்னவோ, உப்பு நன்றாகவே சேர்ந்தது.

ஐப்பசியில் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை முறிந்தது. புதுப் பட்டை தயார். பழையதைப் பிடித்திருந்த போல்ட்தான் துருவேறி இறுகிப்போயிருந்தது. வேதாந்தம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், ஸ்பானரில் குழாயைச் செருகித் தொங்கினார். நட்டு அசைந்துகொடுக்கவில்லை. "இந்தத் தகரத்தைத் தொலைச்சுத் தலைமுழுகுங்கோ" என்று பெருந்தேவி தினமும் பாடும் பாட்டுக்குக் கடைசியில் அவர் பணிந்தார். ஞாயிறு காலைக்குள் போல்ட் கழலாவிட்டால் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று பேச்சு.

ஞாயிறு காலை இரும்புக்கடை முத்துசாமி மாடுகளோடு வந்து நின்றார்.

"இன்னா சாமி, கவுத்தைக் கட்டிடலாமா?"

வேதாந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டுப்பா" என்றார்.

அப்போது பெருந்தேவி பம்பு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அது மடி ஸ்டவ். வேதாந்தம் குளிக்காமல் அதைத் தொட்டால் வீடு இரண்டுபடும். அதையே காருக்கு அடியில் வைத்தாள்.

"நட்டுல இருக்கிற எண்ணெயை நன்னா துடைங்கோ" என்று சொல்லி, பற்றவைத்துப் பம்பு அடித்தாள்.

"நீதானே கொடுத்துடச் சொன்னே?"

"திட்டினா கொடுத்துடறதா? உங்களையும்தான் தினம் திட்டறேன்!"

நட்டு பழுக்கக் காய்ந்தது. முத்துசாமிக்கே பொறுக்கவில்லை. கயிற்றை வீசிவிட்டு, "நவுரு சாமி, நான் புடிக்கிறேன்" என்று குழாயைப் பற்றினார். இருவருமாக முக்கி இழுத்ததில் போல்ட் கிறீச்சென்று அலறிக்கொண்டு திரும்பியது.

வேதாந்தம் சிரித்தபடி நிமிர்ந்தார். பெருந்தேவி ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இது வந்தப்புறம்தான் நான் வாசப்படி தாண்டி நாலு ஊரைப் பார்த்தேன். இதுவும் போயிட்டா மறுபடி அடுப்படிதானே எனக்கு?"

வேதாந்தம் கரிக்கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரைத் தனக்காக மட்டும் வாங்கியதாகத்தான் அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.