வாடகையோடு சேர்ந்த தண்ணீர்

போன கிழமை அண்ணனின் மகள் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவுக்குப் படிக்க வந்தவள். பயணக் களைப்பே இன்னும் ஆறவில்லை, அதற்குள் மாதச் செலவு எவ்வளவு வரும் என்ற கவலை. அறை வாடகை, பஸ், போன், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் வெங்காயம் உரித்தபடி சொல்லிக்கொண்டு வந்தேன்.

"தண்ணிக்கு எவ்வளவு மாமி?"

"அது வாடகையோட சேர்த்தி" என்று சொன்னேனோ இல்லையோ, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயத்துக்கு வந்த கண்ணீரோடு சிரிப்பும் சேர்ந்துகொள்ள, பிள்ளை பயந்துபோய்விட்டாள். ஹோலில் இருந்த என் மனுசனுக்கு மட்டும் காரணம் விளங்கியது. "தொடங்கீற்றா" என்றார்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் தீவு ஊரான புளியங்கூடலில் இருந்து பஸ் ஏறி ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தேன். கணக்கெழுதும் கிளாக்கர். மண்ணெண்ணெயும் சீனிச் சாக்கும் கருவாடும் கலந்த ஒரு மணம் அந்தக் கடைக்கு. மாலையில் வீட்டுக்கு வந்தால் என் தலைமயிரிலும் அதே மணம்தான். எங்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, மணமும் போகாது. குடிக்கவும் சமைக்கவும் கோயிலடியில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். வயல் வரம்பால் நடந்து போய், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகத் திரும்புவோம். வேலையால் வந்த கையோடு அந்த நடை எனக்கு. இன்றைக்கு இங்கே உடற்பயிற்சிக்கென்று காசு கட்டி நடக்கிறார்கள். எனக்கு அது மட்டும் தலையில் ஏறுவதில்லை.

சங்கக்கடையில் வேலை பார்த்ததால் எனக்கு ஒரு சந்தேகப் புத்தி வந்திருந்தது. வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்காரர்களும் சில மாதங்களில் அரிசிக்குக் கடன் சொல்லுவார்கள். 'தம்பி இந்த மாதம் அனுப்பேல்லை' என்பார்கள், அவ்வளவுதான். அங்கே உழைக்கிறது எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அங்கே செலவு எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை.

அப்படியிருக்கத்தான் கனடாக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் அக்கா ஊர்காவற்றுறையில் இருந்து வந்தார். பெயர் செல்வமலர். என்னைப் பார்க்க வருகிறவருக்குத் தேநீர் போட, அன்று விடியப்புறம் நானே போய் நல்ல தண்ணீர் அள்ளிவந்தேன். சவர்த் தண்ணீர்த் தேநீரைக் கொடுத்து அனுப்பினால் சம்பந்தம் அந்தக் கோப்பையோடு முடிந்துவிடும்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்கு முன்னர் இரண்டு இடம் வந்து, ஒன்று சீதனத்திலும் மற்றது சாதகத்திலும் குழம்பியிருந்தது. இதுவும் குழம்பினால் இனி என்னைப் பெற்ற ஐயா ஒரு வாசலிலும் போய் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதேநேரம், முகம் தெரியாத ஒருவரை நம்பி அந்தக் குளிருக்குள் போய் விழவும் பயமாக இருந்தது. அழுதுவிடலாம் போல ஒரு பயம்.

"தம்பிக்கு மாதம் எண்ணூறு டொலர்" என்றார் செல்வமலர் அக்கா. "தனி வீடு."

ஐயா மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எங்கள் சங்க மனேச்சர் ஒரு வருடம் உழைத்தாலும் அந்தத் தொகை தேறாது. அறைக்குள் ஒரே மகிழ்ச்சி. அந்த நேரம் பார்த்து, பலகாரத் தட்டோடு நின்ற நான் வாயைத் திறந்தேன்.

"செலவு எவ்வளவு வரும் அக்கா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே மூட்டலாம்.

"என்ன செலவு?" என்றார் செல்வமலர் அக்கா.

"அங்கை மாதம் இருக்க, தின்ன, போய்வர. மிச்சம் எவ்வளவு எண்டு தெரிஞ்சால்தான் நான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்து, "கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்பினார். குரலில் ஈரமே இல்லை. அடுத்த நாளே நான் 'காசு கேட்ட பெட்டை' ஆகிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் இரண்டு தலைகள் திரும்பும். ஐயா சாப்பிட்டது குறைந்துபோனது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது.

பதில் கடிதமாக வரவில்லை, கசெற்றாக வந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். போய்வருகிற யாராவது உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். செல்வமலர் அக்கா அதைப் போட்டுக் கேட்காமலே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுதான் அவர் விட்ட பிழை. முன்வீட்டுச் சரசு அக்காவிடம் ரேப் றெக்கோடர் இரவல் வாங்கினோம். ரேப் றெக்கோடரோடு சரசு அக்காவும் வந்தார், அவரோடு இன்னும் நாலு பெண்கள். கதிரை காணாமல் பாயை விரித்தோம்.

"வணக்கம் ஐயா, அம்மா. நான் ரவி கதைக்கிறன்" என்றது குரல். பிறகு ஒரு செருமல். "உங்கடை மகள் செலவைக் கேட்டவவாம். கேட்டது சரிதான். ஒண்டும் ஒளிக்காமல் சொல்லுறன். தனி வீடு இல்லை. ஒரு அறையும் ஒரு ஹோலும். நாங்கள் அஞ்சு பேர் இருக்கிறம்."

செல்வமலர் அக்கா முகட்டைப் பார்த்தார்.

வாடகையில் தன் பங்கு, பஸ் பாஸ், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் போடும் சில்லறை என்று மாப்பிள்ளை ரவி சொல்லிக்கொண்டே போனார். பின்னால் மற்ற நாலு பேரும் இருப்பது கேட்டது. இருந்தது மட்டுமா, கணக்கும் பார்த்தார்கள். "டேய், அரிசியை விட்டிட்டாய்!" என்றது ஒரு குரல். "ஐயருக்குத் தனிச் சட்டி வாங்கினதையும் சொல்லு" என்றது இன்னொன்று. அறையில் நயினாதீவுக் குருக்கள் வீட்டுப் பெடியன் ஒருவர் இருந்தாராம், மீன் சட்டியில் அவருக்குச் சமைக்கமுடியாதாம். அதுவும் பொதுச் செலவு. குளிருக்குக் காலில் போட வாங்கிய சப்பாத்தின் விலையைக் கேட்டு ஐயா, "சப்பாத்தோ, மாட்டுச் சோடியோ?" என்று வாய்விட்டுக் கேட்டார். பல நாளுக்குப் பிறகு அவர் அப்படிப் பகிடி விட்டது அன்றுதான்.

"பயணக் கடனும் கட்டி, அக்காவுக்கும் அனுப்பினால் மிச்சம் ஒரு நாப்பது டொலர். சில மாதம் அதுவும் இல்லை" என்றார். அத்தோடு ரவி முடிக்கத்தான் இருந்தார். அந்த நேரம் பின்னால் ஒருவன் கத்தினான்.

"தண்ணிக்குக் காசில்லை எண்டு சொல்லடா! அதையெல்லோ முதல் சொல்லவேணும்!"

"நெடுந்தீவுப் பெடியன் கத்துறான், தண்ணிக்கு அலைஞ்சவன்" என்றார் ரவி. "ஓம், தண்ணி வாடகையோட சேர்த்தி. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணி. சுடுதண்ணியும் வரும்."

அம்மா கையை நீட்டினார். "நிப்பாட்டு. அதைத் திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டோம். மறுபடியும் போட்டோம்.

"எவ்வளவு அள்ளினாலுமோ?" என்றார் சரசு அக்கா.

"எவ்வளவு அள்ளினாலும்தானாம்."

"வீட்டுக்குள்ளேயோ?"

"குசினிக்குள்ளேயாம், அடுப்புக்குப் பக்கத்திலை."

நாற்பது டொலர் மிச்சம் என்பது அந்தப் பாயில் இருந்த ஒருவருக்கும் நினைவில்லை. எண்ணூறு டொலரும் மறந்துபோய்விட்டது. எந்த நேரமும் நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் வாழப்போகிற ஒருத்தியைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "ஓம்" என்றேன். ஐயா எழும்பி வெளியே போய்ச் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தார்.

ஊர் முழுக்க நான் தண்ணீருக்காகக் கலியாணம் கட்டினேன் என்றுதான் கதை. இவரும் இன்றுவரை, "நீர் ஓமெண்டது எனக்கில்லை, அந்த நெடுந்தீவானுக்கு" என்பார். நான் மறுத்ததில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாலு சிநேகிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கையில் ஒன்றும் இல்லை என்று ஒளிக்காமல் சொன்ன அந்தக் குரல் எனக்குப் பிடித்துவிட்டது. பயம் விட்டுப்போனது அந்த இடத்தில்தான். ஆனாலும் தண்ணீர் காரணமே இல்லை என்றால் அது பொய். வந்த அன்றைக்கே குழாயைத் திறந்து, வீட்டில் இருந்த சட்டி பானை எல்லாவற்றையும் நிரப்பி வைத்தேன். இவர் ஏன் என்று கேட்டார். நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்றேன்.

நான் வந்த கொஞ்சக் காலத்தில் தீவுப் பக்கம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு எழும்பியது. ஷெல் விழத் தொடங்க, ஐயாவும் அம்மாவும் உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனார்கள். சரசு அக்கா எந்தப் பக்கம் போனார் என்று பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது அத்திவாரமும் பற்றையும்தான். ஐயா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு அம்மா இங்கே எங்களிடம் வந்தார். ஒருநாள் குசினியில் இருந்து கீரை ஆய்ந்தபடி, ஊர் எழும்பிய அந்தக் காலையைச் சொன்னார். வீடு, மாடு, எனக்கென்று வைத்த தையல் மெசின் எல்லாம் வரும், அழப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் போய் இருந்தேன். அதெல்லாம் வரவில்லை.

"அண்டைக்கு விடிய நானும் சரசுவும் தண்ணிக்குப் போயிட்டு வந்தனாங்கள் பிள்ளை. குடமெல்லாம் முட்ட முட்ட நிரம்பிக் கிடந்தது. ஒரு மிடறும் குடிக்கேல்லை, அப்பிடியே விட்டிட்டு ஓடினம்" என்றார். அடுத்த பிடி கீரையை எடுத்தார்.

"மூடாமல் வந்ததும் நல்லதுதான். காகமெண்டாலும் குடிச்சிருக்கும்."