சபிஹா நிறுத்திய கசிவு

திருக்காட்டுப்பள்ளியில் டிராக்டர் மக்கர் பண்ணினால் ஆட்கள் முதலில் சபிஹாவின் கடைக்குத்தான் வருவார்கள். வந்தவர்கள் "இது சரியாகுமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "ஆகாதுன்னு நினைச்சா எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

கணவர் சைபுல்லா குவைத்தில் இருக்கிறார். அவர் அங்கே உழைத்து அனுப்பியதில்தான் உதிரிபாகக் கடை வைத்தார்கள். வேலைக்கு எடுத்த மெக்கானிக்குகள் ஒருவன் பாக்கியில்லாமல் சரியாக நடவு நேரம் பார்த்துக் கம்பி நீட்டினார்கள். "இவனுங்களைக் கெஞ்சுற நேரத்துல நானே பார்த்துடுவேன்" என்று ஒரு நாள் புர்காவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். ஊர் என்ன சொல்லும் என்று சைபுல்லா போனில் இழுத்தார். "வண்டி ஓடுதுன்னு சொல்லும்" என்றாள். அன்றைக்கு இழுப்பதை நிறுத்தியவர், இப்போது அங்கே கூட வேலை பார்க்கிறவர்களிடம் பெண்டாட்டி பெருமை பேசித் தீர்ப்பதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவளுக்கு பரிதியின் வண்டி தண்ணி காட்டியது. பரிதி நாகரிகமான பையன். அப்பா விட்டுப்போன நிலத்தைத் தானே பார்க்கிறான். சின்ன டிராக்டர் ஒன்று வாங்கியிருந்தான். கிளட்சை மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம். காலடி மிதியை அழுத்தினால் எண்ணெயின் அழுத்தமே சக்கரத்தைச் சுழற்றும். ஹைட்ரோஸ்டேட்டிக் என்பார்கள். ஓடும்வரை ராஜா மாதிரி ஓடும். அந்த எண்ணெய் ஒழுகிவிட்டால் வண்டி இழுக்காமல் படுத்துவிடும்.

முதல் தடவை அவன் கொண்டுவந்தபோது, எண்ணெய் வெளியே வராமல் பிடித்துவைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தது. புது சீல் தஞ்சாவூரிலிருந்து வரும்வரை வண்டி அவள் கடை வாசலிலேயே நின்றது. மாற்றிக் கொடுத்தாள். சில நாளில் மறுபடி ஒழுகியது. சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, வேறு சீல் போட்டாள். அதுவும் ஒழுகியது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவுக்கு வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்ட வேண்டிய வண்டியோ மூன்றாவது தடவையாக அவள் வாசலில் எண்ணெய் சொட்டிக்கொண்டு நின்றது.

எதிர் டீக்கடையில் ஒருவர், "பேசாம கம்பெனிக்கே கொண்டுபோயிருக்கலாம்" என்று காதில் விழும்படி சொன்னார்.

சபிஹாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை பேருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "இந்தத் தடவையும் ஒழுகினா இனிமே ஸ்பானரைத் தொட மாட்டேன். நட்டு போல்ட்டு வித்துட்டுக் கடையில உட்கார்ந்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்த ஸ்பானர் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் விடியாது.

இந்த முறை உடனே எதையும் கழற்றவில்லை. ஒழுகிய எண்ணெயை நிரப்பி, சூடேறட்டும் என்று மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். வந்து நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகியதும் உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று சீறியது. உள்ளே அழுத்தம் ஏறி நிற்கிறது. சூட்டில் விரியும் காற்று வெளியேற முடியாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. அந்தக் காற்று போவதற்கென்றே எண்ணெய்ப் பெட்டியின் தலையில் குமிழ் போல ஒரு சின்ன மூடி உண்டு, ஓரத்தில் ஊசித்துளையோடு. அதைப் பார்த்தாள். துளையைக் காணோம். மூடி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

வைத்தது அவள்தான். ஆயுத பூஜையன்று ஊரில் எல்லா வண்டியும் குளித்துப் பொட்டு வைத்து நிற்க, பரிதியின் வண்டி மட்டும் சீலுக்குக் காத்துக்கொண்டு வெறும் நெற்றியோடு நின்றது. பாய் கடையில் விட்டதால்தானே என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாதென்று, பக்கத்துக் கடையில் சந்தனம் வாங்கிக் குழைத்து, கண்ணில் பட்ட குமிழுக்கெல்லாம் தாராளமாக அப்பினாள். அப்புறம் இரண்டு முறை வண்டியை டீசல் விட்டுத் துடைத்தபோதும், சாமிக்கு வைத்ததாயிற்றே என்று அந்தப் பொட்டுகளைச் சுற்றியே துடைத்திருக்கிறாள்.

சத்தமில்லாமல் சுரண்டிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் பரிதியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, தப்பு சீல்ல இல்ல. என் மேல. பூஜையன்னிக்கு நான் வச்ச சந்தனம் மூச்சுத் துளையை அடைச்சிருக்கு. இப்ப எடுக்கணும், எடுக்கட்டுமா?"

பரிதி குனிந்து பார்த்தான். "நீங்களா வச்சீங்க?"

"ஆமா."

"எடுங்கக்கா" என்றான். கோபமா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மூடியைக் கழற்றி ஊறவைத்து, மெல்லிய கம்பி விட்டுத் துளையைத் திறந்தாள். பிதுங்கிய சீலையும் மாற்றினாள். பிஸ்மி சொல்லி எண்ணெய் ஊற்றினாள். மறுநாள் காலையில் வண்டி வயலில் இறங்கியது. அன்று முழுக்கக் கடையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போல்ட் கேட்டவருக்கு பேரிங்கை எடுத்து நீட்டினாள்.

பொழுது சாயும் நேரம் வண்டி வந்தது. இரும்புச் சக்கரம் முழுக்கச் சேறு. பரிதி இறங்கி, டீக்கடைக்காரர்கள் பார்க்க வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். டீ வந்தது, குடித்தான், தம்ளரைக் கொடுத்தான். பிறகு அட்டையை உருவிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். சேறுதான் சொட்டியிருந்தது. எண்ணெய் ஒரு துளி இல்லை.

"சேடை முடிஞ்சுதுக்கா. நாளைக்கு நடவு" என்றான். கொஞ்சம் தயங்கினான். "எங்கம்மா சொன்னாங்க, அடுத்த பூஜைக்கும் வண்டியை அக்கா கடையிலயே விட்டுடேன், அவங்க கையாலயே பொட்டு வைக்கட்டுமேன்னு."

சபிஹாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்றும் தோன்றவில்லை.

"கொண்டாந்து விடு தம்பி" என்றாள். "வைக்கிறேன்."