பதினோரு இடம் பார்த்த ரேணுகாம்பாள்

ரேணுகாம்பாள் பதினான்கு மாதத்தில் பதினோரு இடம் பார்த்தாள். மனை ஒன்பது, வீடு இரண்டு. வாங்கியது ஒன்றுமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அவள் குடியிருந்த சந்தில் இதை ஒரு வியாதி என்றே பேசிக்கொண்டார்கள். "கல்யாணப் புடவை எடுக்க வர்ற கூட்டங்கூட இந்த ஆட்டம் காட்டாது" என்று அவள் கணவன் முனிரத்தினமே டீக்கடையில் சொல்லிச் சிரித்தான்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. அதில் இருபத்தொன்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே போயிற்று. இருவரும் ஆளுக்கொரு தறி நெய்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது போக மிஞ்சியது பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். இன்னொரு முறை அவ்வளவு சேராது என்பது இருவருக்கும் தெரியும். மாதாமாதம் வாடகை வருகிற ஒரு சொத்து இருந்தால், முழங்கால் வலிக்கிற நாளில் தறியை விட்டு எழுந்துவிடலாம். தப்பான இடத்தில் பணத்தைப் போட்டால் எழுபது வயது வரை தறி மிதிக்க வேண்டியதுதான்.

எட்டாவதாகப் பார்த்த மனையைக் காட்டியவன் இளவரசன், முனிரத்தினத்தின் சித்தப்பா மகன். முதலில் செல்போன் விற்றான். பிறகு தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் விற்றான். இப்போது நிலம். மூன்றையும் ஒரே வாக்கியத்தால் விற்றான்: "நாளைக்கு இந்த விலைக்குக் கெடைக்காது."

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. இலவச வேனில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனான். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர் உள்ளே போனால் ஷாமியானா, பொங்கல், வடை, ரோஸ் மில்க். வாசலில் 'விமான நிலையம் மிக அருகில்' என்று பேனர்.

"மிக அருகில்னா எத்தினி கிலோமீட்டர்பா?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

"ஏர்போர்ட் மொதல்ல வரட்டும் அண்ணி, வந்ததும் அளந்துக்கலாம்."

பேனருக்குப் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய மேடையில் புத்தம் புதுப் பிள்ளையார். காஞ்சிபுரத்துக்காரனுக்கு மனை விற்க நினைப்பவன் முதலில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட வேண்டும். கும்பிட்டவன் அப்புறம் கேள்வி கேட்பதில்லை. வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி மூன்று சுற்று சுற்றினார்கள். ரேணுகாம்பாளும் சுற்றினாள். பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் சிமெண்டு பூசி அடைத்த ஒரு குழாயும், கோரை மண்டிய பழைய வாய்க்கால் ஒன்றும் இருந்தன. சாமி கும்பிட வந்த பதினான்கு பேரில் அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

மனை ஆயிரம் சதுர அடி. அடி ஆயிரத்து நானூற்றைம்பது, ஆக மொத்தம் பதினாலரை லட்சம். தெரிந்த வக்கீலுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுத்து மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கச் சொன்னாள். எல்லாம் சுத்தம், மனைப்பிரிவுக்கு அங்கீகாரமும் இருந்தது. காகிதத்தில் குற்றமில்லை. ஆனால் காகிதம் ஐப்பசி மழையில் நிற்பதில்லை.

"மழை வந்து போவட்டும், சொல்றேன்" என்றாள்.

"மழைக்கும் பத்திரத்துக்கும் இன்னா அண்ணி சம்பந்தம்?"

தறிக்குழியில் வேலை செய்கிறவளுக்கு அடைமழைக்குப் பிறகு குழியில் தண்ணீர் ஊறுவது என்றால் என்னவென்று தெரியும். கால் ஊறும், பாவு நூல் ஈரம் பிடிக்கும், வேலை நிற்கும். அவள் குடியிருந்த வீட்டிலேயே இரண்டு வருஷம் ஊறியிருக்கிறது. தரையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்றடி இறங்கிப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 10, ஞாயிறு. பெருமழை விட்டு ஐந்தாம் நாள். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, முனிரத்தினத்தையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். இளவரசன் பைக்கில் வந்து சேர்ந்தான். ஜூன் மாதம் மேடையில் உட்கார்ந்திருந்த பிள்ளையார் இப்போது தொப்பை வரை தண்ணீரில் இருந்தார். மனை மட்டும் செம்மண் கொட்டி மேடாக்கியிருந்ததால் காய்ந்தே தெரிந்தது. அவள் மனையின் மூலையில் கடப்பாரையைப் போட்டாள்.

"இன்னா அண்ணி, இங்க தறி போடப் போறியா?"

"வாடகைக்கு வர்றவனுக்குக் கக்கூஸ் வேணாமா? செப்டிக் டேங்க் எங்க தோண்டுவ, உன் தலை மேலயா?"

முதல் ஒன்றேகால் அடி கொட்டின செம்மண். அதற்குக் கீழே கறுப்புக் களி. இரண்டரை அடியில் தண்ணீர் சுரந்தது. அவள் தறியில் உட்காருவது போலக் கரையில் உட்கார்ந்து காலை விட்டாள். கணுக்கால் மூழ்கிற்று.

இளவரசன் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தியா! போர் போடற செலவே மிச்சம்!"

அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் போனை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். "ஓனர்கிட்ட பேசிட்டேன். பன்னெண்டரை லட்சம். உனக்காக."

ஐந்து நிமிஷத்தில் இரண்டு லட்சம் இறங்கிவிட்டது. ரேணுகாம்பாளின் மனசு ஒரு கணம் கணக்குப் போட்டது: நகையைக் கொஞ்சமாக வைத்தால் போதும், தையிலேயே முடித்துவிடலாம். கால் விறைத்தது. கீழே பார்த்தாள்.

"வெல எறங்கிச்சு, சரி. தண்ணி எறங்குமா?"

"வேணாம்னு சொல்ல முடியாது அண்ணி. அண்ணன் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டாரு. வேணாம்னா அது திரும்பி வராது."

ரேணுகாம்பாள் கணவனைப் பார்த்தாள். முனிரத்தினம் பிள்ளையாரைப் பார்த்தான். பிள்ளையார் அன்றைக்கு யாருக்கும் உதவுகிற நிலையில் இல்லை.

"எப்போ குடுத்த?"

"ஐப்பசில. நல்ல நாளா இருந்துச்சு..."

"சீட்டு எழுதி வாங்கினியா?"

"தம்பிதானேமா, அவங்கிட்ட போய்..."

அவள் குழியிலிருந்து எழுந்து புடவையைப் பிழிந்தாள். "ஐம்பதாயிரம் தண்ணில உழுந்துடுச்சுன்னு, அத எடுக்கப் பன்னெண்டு லட்சத்த எறக்கி வுடுவாங்களா? வா, போலாம்."

போனாளே தவிர விடவில்லை. அடுத்த ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு அதே ஷாமியானாவில் முதல் ஆளாகப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கடப்பாரை. பொங்கல் கொடுத்தார்கள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்திடமும் மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டாள்: "குழி தோண்டிப் பாத்தீங்களா? கடப்பாரை வேணுமா?" ஐந்து குடும்பத்தில் இரண்டு வேணும் என்றன. அதற்கடுத்த ஞாயிறும் போனாள். மூன்றாவது ஞாயிறு அவள் கிளம்புவதற்குள் இளவரசன் வீட்டுக்கே வந்து ஐம்பதாயிரத்தையும் எண்ணி வைத்தான்.

"அண்ணி, உன் கால்ல உழறேன், இனிமே அந்தப் பக்கம் வராத."

"வாங்கிக்கினேன்னு சீட்டு எழுதித் தரேன், இரு" என்று உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தாள்.

பன்னிரண்டாவது இடம் ஆட்டோ நுழையாத ஒரு சந்தில் இருந்த பழைய வீடு. இரண்டு போர்ஷன், வாடகை நாலாயிரத்தைந்நூறும் மூவாயிரத்து எண்ணூறும். சொந்தக்காரர் கோதண்டபாணி இரண்டு வருஷமாக விற்கப் பார்த்தார், யாரும் தொடவில்லை. காரணம், ஈசானிய மூலையில் கக்கூஸ். ரேணுகாம்பாள் அவரிடம் போகுமுன், அங்கே ஒன்பது வருஷமாகக் குடியிருந்த வள்ளியிடம் போனாள்.

"மழைக்கு ஒழுகுதா?"

"சமையக்கட்டுல ஒரே எடத்துல ஒழுகும்கா. குண்டான் வெச்சிருவேன்."

"சந்துல தண்ணி நிக்குதா?"

"நிக்காது. மேடு."

"அந்த மூலைல கக்கூஸ் இருக்குதே, ஏதாவது கஷ்டம்?"

"தூரமா இருந்தாத்தான்கா கஷ்டம்."

கோதண்டபாணி பதிமூன்று லட்சத்து எண்பதாயிரம் கேட்டார். "எனக்கு வாஸ்துல நம்பிக்கை இல்லீங்க. ஆனா நாளைக்கி நான் விக்கும்போது வாங்க வர்றவனுக்கு இருக்குமே, அதுக்குக் கொறைங்க" என்றாள். பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்தது. பதிவுச் செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும் முதலிலேயே விலையோடு சேர்த்துத்தான் கணக்கு எழுதியிருந்தாள். கையில் குறைந்ததற்கு வளையல்கள் வங்கிக்குப் போயின.

முனிரத்தினத்துக்கு இன்னும் மனசு வரவில்லை. வருஷத்தில் ஒரு மாசம் வீடு காலி, வரி, பூச்சு வேலை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது எழுபத்தொன்பதாயிரத்து முந்நூறு. "பேங்க்ல போட்டா இதவிடக் கூட வருமே" என்றான்.

"பேங்க்ல இருந்தா உன் தம்பிங்க கடன் கேப்பானுங்க. வீட்டக் கேக்க மாட்டானுங்க."

பதிவுக்கு அவள் எடுத்த டோக்கன் 2024 பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. முனிரத்தினம் காலண்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "ராகு காலம்மா!"

"அதான் டோக்கன் கெடச்சுது."

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த நேரத்தில் மின்விசிறிகளைத் தவிர வேறு கூட்டம் இல்லை. போட்டோ, கைரேகை, கையெழுத்து எல்லாம் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கோதண்டபாணி மட்டும் கந்தர் மந்திரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கைரேகை வைத்தார். வெளியே வந்தால், பன்னிரண்டு அடிப்பதற்காகப் பட்டு வேஷ்டியும் பூமாலையுமாக நான்கு குடும்பம் வெயிலில் காத்திருந்தது.

மறுநாளே கொத்தனாரை அனுப்பிச் சமையற்கட்டுக் கூரையைப் பூசச் சொன்னாள். மார்ச் ஐந்தாம் தேதி இரண்டு போர்ஷன் வாடகையும் வந்தது. அன்று காலை பத்து மணியாகியும் அவள் தறியில் உட்காரவில்லை. பக்கத்துத் தறியிலிருந்து முனிரத்தினம் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமா, முழங்கால் வலியா?"

"வலியெல்லாம் இல்ல" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. "சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்."