பரமேஸ் ரீச்சரும் எல்லோரும் தாண்டிப்போன பாடமும்

பரமேஸ் ரீச்சர் போய்விட்டாராம். வவுனியாவில். இன்று காலை அவருடைய தங்கச்சியின் மகள் போன் எடுத்துச் சொன்னார்...

போனை வைத்துவிட்டு, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். அவரைத் தெரிந்த ஒருவரும் இப்போது என் பக்கத்தில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கண்டாவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகளுக்கு அவர் சுகாதாரம் படிப்பித்தார். நான் கணக்கு வாத்தியார்... ஆள் இல்லாததால் ஆண் பிள்ளைகளின் சுகாதாரமும் என் தலையில்.

உடம்பு வளர்வது, பிள்ளை உண்டாவது பற்றிய பாடம் வந்தால் நாங்கள் எல்லோரும் "வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவோம். ரீச்சர் மட்டும் தாவவில்லை.

"பெடியளுக்கும் சொல்லிக் குடுங்கோ மாஸ்டர்," என்றார் ஒரு நாள்.

"அவங்களுக்கு இதெல்லாம் தானாத் தெரியவரும் ரீச்சர்."

"உங்களுக்குத் தெரியவந்ததோ?"

நான் கணக்குக் கொப்பிகளை அடுக்கத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க என்னைப் பழக்கினார். பெடியன்களின் வாங்கில் போய் இருந்துகொண்டு, சிரிக்காமல் கேட்டார்: "மாஸ்டர், நித்திரையில உடுப்பு நனைஞ்சா அது வருத்தமோ, நோயோ?"

நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு "அது... அதில ஒண்டும் இல்லை" என்று இழுத்தேன்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. பயந்து கேக்கிறது பெடியன், கரும்பலகை இல்லை. அது இது எண்டாமல் பேரைச் சொல்லுங்கோ."

இதில் ஒரு சிக்கல். இரண்டு பேரும் கலியாணம் ஆகாதவர்கள். கதவைச் சாத்தினால் ஊர் கதைக்கும். திறந்து வைத்தால் நாங்கள் சொல்லும் சொற்கள் ரோட்டுக்குக் கேட்கும்.

"திறந்தே கிடக்கட்டும்," என்றார். "இது ஒளிச்சுச் சொல்லுற விஷயமில்லை."

ரோட்டுக்குக் கேட்டது. எங்களைப் பற்றிப் புகார் எழுதிக் கல்வித் திணைக்களத்துக்குப் பெட்டிசம் போனது. கதவு சாத்தியிருந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள்.

விசாரிக்க வந்தவரிடம், திறந்துதான் இருந்தது என்று இரண்டு பேரும் சொன்னோம். எடுபடவில்லை. ரீச்சருக்குப் பூநகரிக்கு மாற்றம். எனக்கு ஒன்றும் இல்லை... ஆம்பிளை அல்லவா. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ்ஸுக்கு நின்றபோது "பாடத்தை விட்டிடாதேங்கோ மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

விடவில்லை. அடுத்த தவணை, பின் வாங்குப் பெடியன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லி, வருத்தம் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இருந்தான்.

மணி அடித்ததும், ரீச்சரிடம் சொல்லவேண்டும் என்று பழைய நினைப்பில் ஆசிரியர் அறைக்கு ஓடினேன். ரீச்சரின் கதிரையில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எத்தனையோ வருடம் கழித்துப் போனில் ரீச்சருக்கே சொன்னேன்.

"முகத்தைப் பாத்தோ சொன்னனீங்கள்?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப சரி."

அவர் கடைசிவரை கலியாணம் கட்டவில்லை. அந்தப் பெட்டிசக் கதை, அவர் போன ஊரெல்லாம் அவருக்கு முன்னமே போயிருந்ததாம்...

என் மனைவியும் போய்விட்டார். பிள்ளைகள் கனடாவில். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. அதற்குச் சாட்சி நாங்கள் இரண்டு பேர். இனி நான் மட்டும்.

போயிட்டு வாங்கோ ரீச்சர்.