சிறுகோளில் ஊர் இல்லை

பேச்சுப்போட்டியில் மகள் மேடையேறியபோது நான் அவளைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் நடுவராக உட்கார்ந்திருந்த அதிகாரியின் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கான்ட்ராக்டில் வேலை பார்த்த சுரங்கப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இவரைப் பெர்மனன்ட் ஆக்குவார்களா என்பது அந்த மாதம்தான் தெரியவேண்டும்.

பேச்சை எழுதிக் கொடுத்தது நான். சூரியனைச் சுற்றும் சிறுகோள்களில் பிளாட்டினம் எடுக்க வெளிநாட்டுத் தனியார் கம்பெனிகள் சில அப்போது திட்டமிட்டிருந்தன. தொலைநோக்கியால் நல்ல பாறையாகத் தேடிப்பிடித்து இயந்திரங்களை அனுப்புவார்கள். அங்கே கிடைக்கும் தண்ணீரைப் பிரித்து ராக்கெட்டுக்கு எரிபொருள் ஆக்குவார்கள். வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது மகள், "அது யாரு நெலம்மா?" என்றாள். அதையும் பேச்சில் சேர்த்தேன். பிறகு பயந்து அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது சரிதானா என்று அரங்கத்துக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல் பிசகாமல் முடித்தாள். எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி மைக்கை வாங்கினார்.

"அந்தச் சுரங்கத்துக்கும் நம்ம சுரங்கத்துக்கும் என்ன வித்தியாசம், பாப்பா?"

"அங்க ஊரு இல்ல சார். யாரையும் காலி பண்ண வேணாம்."

பக்கத்தில் கணவர் மடியிலிருந்த ஹெல்மெட்டை இறுகப் பிடித்தார்.

"உனக்கு எந்த ஊரு?"

"எங்கப்பா ஊரு இருந்த எடத்துலதான் சார் இப்ப சுரங்கம் இருக்குது."

"அப்படியா? இங்க நெலம் குடுத்தவங்களுக்கு வேலை குடுக்கறோம். அங்க நெலம் குடுக்க ஆளே இல்லன்னா, வேலை யாருக்குக் குடுப்பாங்க?"

"மெஷினுக்கு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியின் தோளும் குலுங்கியது.

இரண்டாம் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸை அவர் கையாலேயே கொடுத்தார். திரும்பும்போது மகள் பைக்கில் எங்கள் நடுவே அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஊரு இல்லன்னு சொன்னாளே, நீதான் எழுதிக் குடுத்தியா அத?" என்றார் இவர்.

"இல்லைங்க. அவளா சொன்னதுதான்."

"கேட்டாரு, சொன்னேன். தப்பாப்பா?"

இவர் குடியிருப்பு வட்டங்கள் இரண்டைத் தாண்டியதும் என்னிடம், "அவரு சிரிச்சாரா?" என்றார்.

"தோள் குலுங்குச்சுங்க. மூஞ்சி தெரியல."

"பரிசு குடுக்கச்சே சிரிக்கலப்பா," என்றாள் மகள். "அப்பா பேரு என்னன்னு கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேனே. இனிஷியலோட."

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.