வெயிலுக்குப் பயந்தவனின் இரண்டாவது போத்தல்

சூட்டை விரும்பும் நுண்ணுயிர்களைப் பற்றியதுதான் என் முதுமாணிப் பட்ட ஆய்வு. எனக்கோ புத்தளம் வெயில் ஆகாது. பதினொரு மணிக்கே தலை இடிக்கும். ஆகவே உப்புப் பாத்திகளில் மத்தியானச் சூட்டோடு நீர் எடுக்கும் வேலையை மாமாவின் தலையில் கட்டினேன். அவர் உம்மாவின் தம்பி, உப்பளத் தொழிலாளி. ஒரு போத்தல் புத்தளத்தில் அவருடைய பாத்தியிலிருந்து, மற்றது கடலோரக் களப்பின் உப்புநீர்ப் பரப்புக்கு அப்பால் கற்பிட்டியிலிருந்து. நான் மின்விசிறிக்கு அடியில் இருந்து லேபல் எழுதினேன்.

புத்தளம் நீரிலிருந்த ஓர் உயிரின் டீஎன்ஏயில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. இத்தகைய துண்டுகள் சும்மா இருப்பதில்லை. சிலவேளை பக்கத்து உயிருக்குத் தாவி, சூடு தாங்கும் மரபணுவையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கற்பிட்டிப் போத்தலைச் சோதித்தால் அதிலும் அதே துண்டு, ஓர் எழுத்தும் பிசகாமல். களப்பைத் தாண்டித் தாவியிருக்கிறது! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மாதிரி எல்லாம் நீங்களே எடுத்ததுதானே?" என்று பேராசிரியை கேட்டார்.

"ஓம், மேடம்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். மாநாட்டில் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிழமை வீட்டுக்கு வந்த மாமாவிடம் பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"மகன், அந்தக் கற்பிட்டிப் போத்தல் பைக்கில வரக்குள்ள அரைவாசி கொட்டுண்டு போச்சு. நம்மட பாத்தித் தண்ணிய ஊத்தி நிரப்பித்தான் தந்தன். சொல்ல மறந்திட்டன்."

உப்பளத்தில் அதுதான் வழக்கம். பக்கத்துப் பாத்தியில் நீர் குறைந்தால், கேட்காமலே தன் பாத்தியிலிருந்து விட்டுக் கொடுப்பார்கள். என் போத்தலுக்கும் அதே உபகாரம். களப்பைச் சுற்றிப் போய்வந்தது மாமாவின் மோட்டார் சைக்கிள் மட்டுமே.

கோபத்தில் கத்த வாயைத் திறந்தேன்.

"ஏன், பிழையா மகன்?"

அவருடைய கழுத்தில் வெயிலுக்குத் தோல் உரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் பேராசிரியையிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் மாநாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, "போய் எடுத்திட்டு வாங்க" என்றார். மாமாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மத்தியானத்தில் கற்பிட்டிப் பாத்தியில் இறங்கினேன். இரண்டு தடவை கண் இருட்டியது. அந்தப் போத்தலைச் சோதித்தால், நான் கொண்டாடிய துண்டு அதில் இல்லவே இல்லை.

முடிவைக் கொண்டுபோனபோது பேராசிரியை பேனையை எடுத்தார். "இத எடுத்தது யாரு?"

உரிந்த மூக்கோடு நின்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் பதில் சொல்லுமுன்னே மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்.